மேஸ்திரியின் ஆறு முன்பற்கள்

போன வாரம், புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி. நான் கடைசியாக வேலை பார்த்த கால்நடை மருந்தகத்திலிருந்து நிர்மலா போன் செய்தார். என் இடத்துக்கு வந்திருக்கும் கால்நடை உதவியாளர் அவர். பழைய பொருள் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்படி உத்தரவு வந்திருக்கிறதாம்.

“ஐயா, இதுல ஒரு ஐட்டம் இடிக்குது. ‘பன்றிக்குட்டிப் பல் குறடு, ஒன்று, நிலை நன்று’ன்னு உங்க கையெழுத்து. அதுக்குக் கீழயே ‘கழிக்கப்பட்டது’ன்னு டாக்டரம்மா கையெழுத்து. நல்லா இருந்ததை ஏன் கழிச்சீங்க? காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல ஒண்ணுமே எழுதல. கம்ப்யூட்டரு காலியா விட மாட்டேங்குது.”

“ஒரு வாரம் டைம் குடும்மா, எழுதித் தரேன்” என்றேன். ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு நீண்டுவிட்டது.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு. ஆண்டுக்கு ஒன்றாக முப்பத்தொரு நோட்டுகள் மரப்பெட்டியில் இருக்கின்றன. நாள், கிழமை, நேரம், விலங்கு, ஊர், செய்த வேலை, மறுபடி வர வேண்டிய நாள். இத்தனையும் எழுதாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். அந்த நோட்டுகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓராண்டு. மாடு, ஆடு, கோழி, பன்றி. முயலுக்கு ஒரே ஒரு பிற்பகல். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பின்கால்களைத் தாங்காமல் விட்டால் உதைத்து முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். இந்த இரண்டும்தான் என் நோட்டில் இருக்கின்றன. பல்லைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பல் என்று நான் கற்றது பன்றிக்குட்டியிடம். பிறந்த குட்டிக்கு ஊசிபோல் எட்டுப் பற்கள் இருக்கும். தாயின் மடியைக் கிழித்துவிடும் என்பதால் முதல் நாளே அவற்றின் நுனியைக் குறடால் நறுக்குவோம். அதில் நான் கெட்டிக்காரன். ஒரு ஈற்றுக் குட்டிகளை முடித்துவிட்டு நான் கை கழுவும்போதும் கொண்டுவந்த டீ சூடாகவே இருக்கும்.

பிறகு முயல் வந்தது. மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை சந்தை. மாடு விற்கப் போகிறவர்கள் திரும்பும்போது பிள்ளைகளுக்காக ஒரு ஜோடி முயல் வாங்கி வருவார்கள். பன், பிஸ்கட், ரஸ்க், சோறு என்று போடுவார்கள். சில மாதங்களில் அந்த முயல் எங்கள் மேசைமேல் இருக்கும். கீழ்ப்பல் உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, மேல்பல் உள்பக்கம் வளைந்து, வாயை மூட முடியாமல்.

முயலின் பல் சாகும்வரை வளர்வது. மேலும் கீழும் சரியாகப் பொருந்தி உரசிக்கொண்டே இருந்தால் அளவோடு நிற்கும். பொருத்தம் தவறினால் யானைத் தந்தம்போல் போய்க்கொண்டே இருக்கும். முதல்முறை அப்படி ஒரு முயல் வந்தபோது அலமாரியில் பன்றிக்குட்டிக் குறடு இருந்தது. என் கையில் வேகம் இருந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம். முடிந்தது. அன்றைய குறிப்பில் “புதிய சிகிச்சை. முழு வெற்றி” என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அந்த அடிக்கோடு இன்றைக்கும் அழுத்தமாகத் தெரிகிறது.

பெயர் பரவியது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து முயலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த ‘டக்’ சத்தத்துக்காகவே வேடிக்கை பார்க்க நின்றவர்கள் உண்டு.

ஏழுமலை முதலில் வந்தது ஒரு மாசி மாதம், கடைசி வாரம், செவ்வாய், காலை பத்தேகால். அபிஷேகப்பாக்கத்துக்காரர். கரும்பு லாரி ஓட்டுபவர். ஆறடி ஆள், தொண்டை லாரி ஹாரன்போல் இருக்கும். மார்போடு ஒரு துண்டை அணைத்துப் பிடித்திருந்தார். துண்டுக்குள்ளிருந்து இரண்டு காதுகள் எட்டிப் பார்த்தன.

“எம் பொண்ணோடது சார்” என்றார், நான் கேட்காமலே.

“பேரு இன்னா?”

“எம் பேரா, அது பேரா?”

“நோட்ல எழுத ரெண்டும் வேணும்.”

“எம் பேரு ஏழுமலை. அது மேஸ்திரி.” கொஞ்சம் கூச்சப்பட்டார். “வூட்டு பின்னால எங்க வுட்டாலும் அஸ்திவாரம் தோண்டிக்கினே இருக்கும் சார். அதான்.”

சாம்பல் நிற ஆண் முயல். கீழ்ப்பற்கள் இரண்டும் கொம்புபோல் நீட்டியிருந்தன. குறடை எடுத்தேன். டக், டக். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். மேஸ்திரி வாயை மூடித் திறந்து பார்த்தது. “அவ்ளோதானா? டாக்டரு கையில மந்திரம் வெச்சிருக்காருடா மேஸ்திரி” என்று ஏழுமலை சிரித்தார். நான் டாக்டர் இல்லை என்று திருத்தவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுவதுதான் முறை.

ஆறு வாரம் கழித்து மறுபடி வந்தார். பிறகு மறுபடியும். அடுத்த தைக்குள் என் நோட்டுகளில் மேஸ்திரியின் பெயர் பதினொரு இடத்தில் வருகிறது. ஒவ்வொரு முறையும் ‘பல் வெட்டப்பட்டது, வெற்றி’.

அந்த மார்கழியில் எங்கள் மருந்தகத்துக்கு டாக்டர் தேன்மொழி மாற்றலாகி வந்தார். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. ‘தப்பு’ என்ற சொல்லும் அவர் வாயில் வராது. “மறுபடி ஒருதரம் பாருங்கண்ணே” என்பார். அதைவிடத் தப்பு என்றே சொல்லியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். வந்த முதல் வாரமே மளிகைக்கடைத் தராசு ஒன்றை வாங்கி வந்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்தார். கோழி, பூனை, முயல் எது வந்தாலும் அவருடைய முதல் கேள்வி “எத்தனை கிராம்?” அதற்குப் பதில் சொல்லும்வரை விலங்கைத் தொட மாட்டார்.

தை மாதம், சனிக்கிழமை. ஏழுமலை எப்போதும் வருவது செவ்வாயில். சந்தைக்குக் கிளம்புகிற கூட்டத்தோடு வருவார். சனிக்கிழமை வந்தது எனக்கே வித்தியாசமாக இருந்தது. முந்தைய முறை வந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

“ஏதும் துன்ன மாட்டேங்குது சார். பன்னு வெச்சா மோந்து பாக்குது, மூஞ்ச திருப்பிக்குது. வாயில தண்ணி வுட்டுக்கினே இருக்கு.”

டாக்டர் உள்ளே ஒரு ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் குறடை வைத்தேன். டக். இந்த முறை சத்தம் வேறு மாதிரி இருந்தது. காய்ந்த மூங்கில் பிளப்பதுபோல் ஒரு இழுவை. மேஸ்திரி துள்ளியது. கத்தவில்லை. முயல் எளிதில் கத்தாது, வலியை உள்ளேயே வைத்துக்கொள்ளும். இடது கீழ்ப்பல்லில் ஒரு கோடு ஈறுக்குள் இறங்கியிருந்தது.

சத்தம் கேட்டு டாக்டர் வந்து நின்றார். என் கையிலிருந்த குறடைப் பார்த்தார். முயலைக் கூடையில் வைத்தார். ஆயிரத்து அறுநூற்று எண்பது கிராம்.

“போன தடவை எத்தனை இருந்தது?”

“எடை எழுதல மேடம். அன்னிக்கு நீங்க கேம்ப்ல இருந்தீங்க.”

தாடைக்கு அடியில் விரலால் மெதுவாகத் தடவினார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். பட்டாணி அளவில் ஒரு கட்டி. பிறகு காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியை எடுத்து, அதன் கூம்பை மேஸ்திரியின் கன்னத்து ஓரமாக உள்ளே விட்டுப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். இருபது ஆண்டுகளாக முயலின் முன்பல்லை மட்டும் பார்த்தவன், அன்றுதான் முதல்முறையாகக் கடைவாய்ப்பல்லைப் பார்த்தேன். கடைவாய்ப்பல்லின் விளிம்பு முள்ளாக வளர்ந்து நாக்கைக் குத்திப் புண்ணாக்கியிருந்தது.

“புல் மெல்லணும். மென்னாத்தான் கடைவாய்ப்பல் தேயும். பன்னுலயும் ரஸ்க்குலயும் தேய என்ன இருக்கு? பின்னால வளர்ந்தா தாடை தள்ளும், முன்பல் பொருந்தாது. ஆரம்பம் பின்னால இருக்கு, நாம முன்னாலயே வெட்டிக்கிட்டு இருக்கோம்” என்றார். ‘நாம’ என்றதை நான் கவனித்தேன். அவர் ஒருமுறைகூட வெட்டியதில்லை.

“அண்ணே, உங்க நோட்டுங்களைக் கொண்டாங்க.”

என் நாட்குறிப்பை யாரும் அதுவரை கேட்டதில்லை. பெருமையோடுதான் கொடுத்தேன். மேஸ்திரியின் பதிவுகளை மட்டும் தேடி, இடைவெளிகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். ஆறு வாரம், ஆறு, ஐந்து, ஐந்து, ஐந்து, நான்கு, நான்கு, மூன்று, மூன்று, மூன்று, பதினெட்டு நாள். ஆறாவது பதிவிலிருந்து ‘வாயில் நீர் ஒழுகல்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“எல்லாமே எழுதியிருக்கீங்க” என்றார். “மறுபடி ஒருதரம் பாருங்கண்ணே.”

பார்த்தேன். ஒவ்வொரு வெட்டிலும் பல் நெரிந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே இறங்கி, வேர் கெட்டு, கட்டியாகியிருக்கிறது. வெட்டிய பல் முன்னைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது. அத்தனையையும் நாள், கிழமை தவறாமல் எழுதி வைத்தவன் நான். ஒரே ஒருமுறை திருப்பிப் படித்திருந்தால் போதும். பதினொரு ‘வெற்றி’யும் என்னைப் பார்த்தன.

வெளியே வேப்பமரத்தடியில் ஏழுமலை பீடியைப் பற்ற வைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்கிறேன் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போனேன்.

“ஏழுமல, நான் வெட்டினதாலதான் பல்லு பொளந்துது. வேர்ல சீழ் புடிச்சிருக்கு. தப்பு எம்மேல.”

அவர் என்னையே பார்த்தார். “நீதான சார் மந்திரக் கைன்ன?”

“நான் சொல்லல, நீ சொன்ன. நான் சும்மா இருந்தேன். அதுவும் தப்புதான்.”

“இப்ப இன்னா பண்ணணும்?”

பின்னாலிருந்து டாக்டர் சொன்னார். “முன்பல் ஆறையும் எடுத்துடணும்ணே. இல்லன்னா இதே கதைதான், மேஸ்திரி இருக்கிற வரைக்கும்.”

“ஆறா? நாலுதான இருக்கு?”

“மேல்பல்லுக்குப் பின்னால அரிசி மாதிரி ரெண்டு ஒளிஞ்சிருக்கும்.”

ஏழுமலைக்குக் குரல் ஏறியது. “அய்ய, இன்னா மேடம் நீ! ஆறையும் புடுங்கிட்டா பொக்க வாய வெச்சிக்கினு இன்னாத்த துன்னும்? பட்டினி கெடந்து சாவறதுக்கு இப்பவே ஊசி போட்டு அனுப்பிடலாமே!”

“முன்பல் வெட்டுறதுக்கு. அரைக்கிறது கடைவாய்ப்பல். அந்த முள்ளை ராவி விட்டுட்டா அது நல்லா அரைக்கும். வெட்டுற வேலையை மட்டும் யாராவது செஞ்சு குடுக்கணும். புல்லை விரல்கடை அளவு நறுக்கிப் போட்டா உதட்டாலயே எடுத்துக்கும். தினம் ரெண்டு வேளை. உங்க பொண்ணால முடியுமா?”

ஏழுமலை வேப்பமரத்தைப் பார்த்தார். “பொண்ண கடலூர்ல கட்டிக்குடுத்து ரெண்டு வருஷமாச்சு மேடம்.”

“அப்போ இது?”

“என்னாண்டதான் இருக்கு.” பீடியைக் காதில் செருகிக்கொண்டார். “கரும்ப வெட்டி லாரி லாரியா ஏத்துறவன், ஒரு புடி புல்லு நறுக்க மாட்டனா? பண்ணுங்க.”

திங்கட்கிழமை ஏழுமலை அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்து வந்தார். சீழ் அந்த ஒரு வேரோடு நின்றிருந்தது, தாடை எலும்பில் இறங்கவில்லை. டாக்டர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டுமுறை பார்த்தார். “நாளைக்கே” என்றார்.

செவ்வாய் காலை ஒன்பது மணி. நான் ஏழுமலையிடம் முயலைப் பட்டினி போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஆட்டுக்கும் நாய்க்கும் அதுதான் முறை. நல்லவேளை, டாக்டர் முந்தைய மாலையே கேட்டுவிட்டார். “முயலால வாந்தி எடுக்க முடியாதுண்ணே. பட்டினி போட்டா குடல் நின்னு போகும். கடைசி வரைக்கும் வாயில எதையாவது வைக்கச் சொல்லுங்க.” போன் போட்டு மாற்றிச் சொன்னேன்.

அந்த ஒன்றேகால் மணி நேரத்தை நான் அணு அணுவாக எழுதி வைத்திருக்கிறேன். மயக்க ஊசி. கண் காயாமல் இருக்கக் களிம்பு. வயிற்றுக்கு இரண்டு பக்கமும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்கள். என் வேலை தலையைப் பிடிப்பதும் மூச்சை எண்ணுவதும். “மூக்கை மூடிடாதீங்க. முயல் மூக்கால மட்டும்தான் மூச்சு விடும்” என்றார்.

முதலில் சிறு மோட்டாரில் மாட்டிய ராவும் முனையால் கடைவாய் முட்களைத் தேய்த்தார். நாக்கை ஒரு தட்டையான கரண்டியால் ஒதுக்கிக்கொண்டு, இரண்டு நொடி தேய்ப்பார், எடுப்பார், நீர் விடுவார், மறுபடி. பிறகு தடித்த ஊசி ஒன்றை எடுத்துப் பல்லின் வளைவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே அதை நுழைத்து, ஒரு பக்கம் அழுத்தி அப்படியே நிறுத்தினார். இருபதுவரை எண்ணினார். மறுபக்கம் இருபது. இழுக்கவே இல்லை. பல்லைப் பிடித்திருக்கும் நார் தானாகச் சோர்ந்து விடும்வரை காத்திருந்தார். என் ‘டக்’ அரை நொடி. அவருடைய ஒரு பல் ஒன்பது நிமிடம்.

பல் ஆடத் தொடங்கியதும் வெளியே எடுக்காமல், ஒருமுறை உள்ளேயே அழுத்தித் திருகினார். “அடியில வளர்ற இடம் ஒண்ணு இருக்கு. அதை இப்பவே கெடுத்துடணும். இல்லன்னா மறுபடி முளைக்கும்.” பிறகுதான், வளைந்த பாதையிலேயே, முதல் பல் வந்தது. பிறைபோல் வளைந்திருந்தது. வாயில் நாம் பார்ப்பதைவிட இரண்டு பங்கு நீளம்.

மேலே இரண்டு, அரிசிப் பற்கள் இரண்டு, கீழே வலது. ஐந்து. ஆறாவதுதான் நான் பிளந்தது. பாதியில் முறிந்தது. வேர்த்துண்டு உள்ளேயே நின்றுவிட்டது.

அதே நேரம் நான் எண்ணிக்கொண்டிருந்த மூச்சு நின்றது. “மேடம், மூச்சு இல்ல.”

அவர் கையை எடுத்துவிட்டு என் கையைப் பார்த்தார். “கழுத்து மடங்கியிருக்கு. நீட்டுங்கண்ணே.” பதற்றத்தில் நான் தலையை முன்னால் சாய்த்திருந்தேன். நேராக்கினேன். அவர் நாக்கை முன்னால் இழுத்து, மார்பை இரண்டு விரலால் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூக்கின் நுனி துடித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சின்ன அசைவுக்கு அவ்வளவு பெரிய மகிழ்ச்சி அடைந்ததில்லை.

வேர்த்துண்டைத் தேடி எடுக்க மட்டும் பதினான்கு நிமிடம். சீழ்ப் பையோடு சேர்ந்து வந்தது. ஆறு பற்களையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். ஆறாவது இரண்டு துண்டாக இருந்தது.

ஆனால் பல்லை எடுத்ததோடு வேலை முடியவில்லை. குடல் ஓடுகிறதா என்பதற்கு முயலிடம் ஒரே சாட்சி புழுக்கை. செவ்வாய் மாலை இல்லை. புதன் முழுவதும் இல்லை. டாக்டர் புதன் மாலை மருந்தகத்தைப் பூட்டும்போது, “நாளைக் காலைக்குள்ள போடணும்” என்று மட்டும் சொன்னார். போடாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஏழுமலைக்கு அன்று இரவு லோடு இருந்தது. மேஸ்திரியைக் கூடையோடு லாரியில் ஏற்றிக்கொண்டார். புல்லையும் கல்யாண முருங்கை இலையையும் வீட்டு மிக்சியில் அரைத்து பாட்டிலில் எடுத்துப் போயிருந்தார். சட்னி ஜாரில் அரைத்ததற்காக மனைவி இரண்டு நாள் பேசவில்லை என்று பிற்பாடு சொன்னார். ஆலை வாசலில் லாரிகள் வரிசையில் நிற்க, கேபினில் உட்கார்ந்து சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியிருக்கிறார். மற்ற டிரைவர்கள் சும்மா விடுவார்களா? “இன்னாண்ணே, பேரப்புள்ளயா? காது உன்ன மாதிரியே இருக்குது!” “போடா, உனுக்கு இருக்கிற பல்லையும் புடுங்கிடுவேன்” என்றாராம் இவர்.

வியாழன், காலை ஆறு பத்து. என் போன் அடித்தது. பின்னணியில் லாரிகளின் இரைச்சல்.

“சார்! போட்டுச்சு சார்!”

“எத்தினி?”

“பதினொண்ணு! எண்ணிட்டேன் சார். ஒண்ணு சீட்டுக்கடியில ஓடிப்போச்சு, அதோட சேத்தா பன்னெண்டு! எல்லாரும் வந்து பாக்கிறானுங்க சார், இன்னாமோ தங்கத்த பாக்கிற மாதிரி!”

டாக்டருக்கு உடனே போன் செய்தேன். அவருடைய சிரிப்பைக் கேட்டேன். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. “பன்னெண்டுன்னே எழுதிக்குங்கண்ணே” என்றார்.

எட்டாம் நாள், தட்டில் நறுக்கிய அருகம்புல்லை மேஸ்திரி உதட்டால் துழாவி எடுத்தது. தாடை பக்கவாட்டில் அசைந்தது. அந்த அரைக்கும் சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வெயிலு” என்றார். தை மாதம், காலை ஒன்பதரை.

முன்கூட்டியே நாள் குறிக்கும் என் பழக்கத்தால், ஆறு வாரம் தள்ளிய செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ‘மேஸ்திரி, பல்’ என்று எப்போதோ எழுதியிருந்தேன். அதை அடிக்க மறந்துவிட்டேன். ஆனால் அந்தச் செவ்வாயன்று ஏழுமலையே வந்துவிட்டார். பல் இல்லை, வெட்டவும் ஒன்றுமில்லை, சும்மா காட்ட வந்தார். கூடையில் வைத்தோம். இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிராம். தாடையில் கட்டி இல்லை, மோவாய் காய்ந்திருந்தது. நான் அந்தப் பக்கத்தில் எடையை எழுதினேன். ‘வெற்றி’ என்ற சொல்லை எழுதக் கை கூசியது. டாக்டர் பேனாவை வாங்கி அவரே எழுதினார்.

அன்றுதான் ஏழுமலை அலமாரியைக் காட்டிக் கேட்டார். “சார், அந்தக் குறடு இன்னும் இருக்குதா?”

“இருக்கு.”

“அத என்னாண்ட குடுத்துடு. லாரில கம்பி கட்டு அறுக்க ஒதவும். இங்க இருந்தா என்னிக்காவது ஒருத்தன் எடுத்து ஒரு வாயில வெப்பான்.”

பன்றிக்குட்டி வந்து பல காலம் ஆகியிருந்தது. டாக்டர் பதிவேட்டை எடுத்தார். ‘நிலை: நன்று’ என்ற என் வரிக்குக் கீழே ‘கழிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். காரணக் கட்டத்தின்மேல் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். அங்கே எழுத வேண்டியது என் பெயர்தான். மூடியைப் போட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்தவரை எங்கள் மருந்தகத்தில் ஒரு முயலின் பல்லும் வெட்டப்படவில்லை. ராவினோம். வலது கையை மெதுவாக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. பிறகு டாக்டர் அந்த மோட்டாரை என் கையில் கொடுக்கும் அளவுக்கு வந்தேன். செவ்வாய்ச் சந்தையில் முயல் விற்பவர் ஒருவரிடம் போய் நின்று, “விக்கும்போது ஒரு கட்டுப் புல்லும் குடுத்து அனுப்புங்க” என்று மூன்று வாரம் தொடர்ந்து சொன்னேன். “நீ இன்னா சார், புல்லுக்கட்டு ஏஜெண்டா?” என்றார். நான்காம் வாரம் அவர் கூண்டுக்குப் பக்கத்தில் அருகம்புல் கட்டுகள் தொங்கின.

நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டார்கள், பேசினார்கள். எல்லாம் முடிந்த பிறகு வாசலில் ஒரு கரும்பு லாரி நின்றது. ஏழுமலை கூடையோடு இறங்கினார். என் கழுத்து மாலையிலிருந்த சாமந்தி இதழ் ஒன்றை மேஸ்திரி உதட்டால் பறித்துத் தின்றது. பிறகு இன்னொன்று.

இதையெல்லாம் எழுதி முடித்தபின் நேற்று நிர்மலாவுக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டரில் நாற்பது எழுத்துக்குமேல் போகாது என்றார். யோசித்துச் சொன்னேன்: “கலியமூர்த்தி தவறாகப் பயன்படுத்தினார்.”

“ஐயா, உங்க பேரையா?”

“அதுதாம்மா காரணம்.”

தட்டும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் கழித்து நிர்மலா சொன்னார்: “ஏத்துக்கிச்சு ஐயா.”